நாற்பத்தொன்றாவது ஓட்டம்

அத்தியாயம் 9

கடுகுக்குக் கோபம் வந்தால் முதலில் காது மடல் சிவக்கும். அடுத்தது மூக்கு. மூக்கும் சிவந்துவிட்டால் எதிரில் இருப்பவர் மரியாதையாக உண்மையைச் சொல்லிவிடுவது உடம்புக்கு நல்லது. அன்று மதியம் இரண்டரை மணிக்கு அவளுக்கு மூக்கு நுனிவரை சிவந்திருந்தது. எதிரில் ஆள் யாரும் இல்லை, ஒரு படம்தான் இருந்தது.

கடுகு என்பது பட்டப்பெயர். ஆள் ஐந்தடிக்கும் குறைவு, சட்டென்று பொரிந்துவிடுவாள். அதனால் வந்தது. துப்பறிவது தொழில். பக்கத்து நாற்காலியில் மடக்கி வைத்த ஏணி போல உட்கார்ந்திருந்த நெட்டை, அவள் கணவனின் தம்பி. எந்த வேலையிலும் மூன்று மாதம் தாண்டாதவனை, "உன்கூடவே வெச்சுக்கயேன்" என்று கணவன் அவள் தலையில் கட்டி நாலு வருடம் ஆகிறது. வேலை செய்கிறானோ இல்லையோ, வாய் ஓயாது.

மூன்றாவதாக அங்கே இருந்தவள் வெல்டர். முப்பத்தைந்து வயது இருக்கும். முழங்கைவரை தீப்பொறித் தழும்புகள். தொழிற்சாலையின் விசாரணை அறைக்கு வெளியே, பெஞ்சில் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினொரு நாளைக்கு முன்னால் இந்தத் தொழிற்சாலையில் ஒரு புது நீராவிக் கலனை முதல் தடவையாக ஓட்டிப் பார்த்தார்கள். கலனின் இணைப்பு ஒன்று கிழிந்தது. அழுத்தமானியில் எண்ணைப் படித்துக்கொண்டிருந்த பையன் அந்த இடத்திலேயே போய்விட்டான். கிழிந்த இணைப்பைப் பற்றவைத்தவள் இந்த வெல்டர். செத்துப்போனவன் இவளுடைய கூடப்பிறந்த தம்பி.

நாலு மணிக்கு உள்ளே போய் அவள் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். 'என் கவனக்குறைவால்' என்று அந்தத் தாள் தொடங்கியது. போட்டால் உரிமம் போகும், வழக்கு வரும். அதெல்லாம் அவள் மனதில் ஏறவே இல்லை. வீட்டில் அம்மா பதினொரு நாளாக அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா நம்பியதை அவளும் நம்பத் தொடங்கியிருந்தாள். வெல்டர் சங்கம்தான் பிடிவாதமாகக் கடுகைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தது.

"நீ போடக் கூடாது," என்றாள் கடுகு.

"போடாம இருந்தா என் தம்பி எழுந்து வந்துருவானாக்கா?"

"நீ செய்யாததுக்குப் போட்டா மட்டும் வந்துருவானா?"

வெல்டர் மறுபடியும் தன் கைகளைப் பார்க்கத் தொடங்கினாள். செய்தவன் எவனோ எங்கேயோ நன்றாகச் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பான், இவள் பட்டினியாக உட்கார்ந்திருக்கிறாள்.

மறுபடியும் கோப்பைப் பிரித்தாள். கம்பெனியின் வாதம் பார்க்க வலுவாகத்தான் இருந்தது. புதுத் தகடு வந்து இறங்கினால் நேராகக் கலன் செய்ய உட்காரக் கூடாது. முதலில் அதில் ஒரு சின்னத் துண்டைப் பற்றவைத்து, குறுக்கே அறுத்து, தேய்த்து, அமிலம் தடவி, உலோகம் எவ்வளவு ஆழம் உருகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். சோதனைத் துண்டு என்று அதற்குப் பெயர். இந்தப் புதுத் தகட்டில் இந்த வெல்டர் போட்ட சோதனைத் துண்டு என்று கோப்பில் ஒரு படம் இருந்தது. ஆறு மில்லிமீட்டர் ஆழம், கிண்ணம் போல அழகாக இறங்கியிருந்தது. கிழிந்த இணைப்பிலோ ஆழம் இரண்டே மில்லிமீட்டர். அதே கை, அதே தகடு, அதே கரண்ட். சோதனையில் இறங்கியது வேலையில் ஏன் இறங்கவில்லை? கவனக்குறைவு. முடிந்தது கதை.

"இந்தத் துண்டை நீதான் போட்டியா?"

"மாசம் முப்பது நாப்பது துண்டு போடுவேன்க்கா. இது ஞாபகம் இல்ல. ஆனா படம் இருக்கே."

"படம் இருந்தா? என் அடையாள அட்டையில கூடத்தான் படம் இருக்கு," என்றான் நெட்டை. "அதப் பாத்து என்னை யாராவது மனுஷன்னு சொல்லுவாங்களா?" நீளக் கழுத்தை இன்னும் நீட்டிப் படத்தைப் பார்த்தான். "ஆனா இது நல்ல முகவெட்டு, அண்ணி. ரெண்டு கன்னத்துலயும் ஒரே இடத்துல ஒரே மாதிரி மச்சம். கடவுள் கூட இவ்வளவு கணக்கா வைக்க மாட்டாரு."

கடுகு அவனைத் திட்ட வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

இடது பக்கம், கிண்ணத்தின் தோளுக்குக் கீழே, ஊசி குத்தியது போல ஒரு கரும்புள்ளி. வலது பக்கம், அதே தோளுக்குக் கீழே, அதே கரும்புள்ளி. இடது பக்கம் தேய்த்தபோது விழுந்த கீறல் ஒன்று. வலது பக்கமும் ஒன்று, எதிர்ப்புறமாகச் சாய்ந்து.

தாளைக் கோப்பிலிருந்து உருவினாள். நடுவில், கிண்ணத்தின் அடிமுனையில் சரியாக மடித்தாள். மடித்ததை ஜன்னல் கண்ணாடியில் வெயிலுக்கு எதிராக வைத்து அழுத்தினாள். புள்ளி மேல் புள்ளி உட்கார்ந்தது. கீறல் மேல் கீறல் படுத்தது. மயிரிழை பிசகவில்லை.

"இங்க வாம்மா. நீ பத்தவெச்சா ரெண்டு பக்கமும் சமமா வருமா?"

வெல்டர் எழுந்து வந்து பார்த்தாள். "யாருக்கும் வராதுக்கா. கைன்னு ஒண்ணு இருக்கே. எனக்கு இடது பக்கம் ஒரு நூல் சாயும். எங்கப்பாவுக்கும் அப்படித்தான்." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். வெயிலில் தெரிந்த தாளை ஒரு விரலால் தொட்டாள். "இது என்னுது இல்ல."

"யாருடையதும் இல்ல. பாதிய எடுத்துக் கண்ணாடியில காட்டி முழுசாக்கியிருக்கான் ஒரு புண்ணியவான்." கடுகு படத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியைப் படித்தாள். தயாரித்தவர், கணிப்புப் பிரிவு, மூன்றாம் மாடி. "அவரு மூஞ்சியப் பாக்கணும். நீயும் வா."

"லிஃப்ட் வேலை செய்யல, அண்ணி."

"எனக்கு இருக்கற கோபத்துக்குப் பத்து மாடி ஏறுவேன். நட."

மூன்றாம் மாடி அறை குளுகுளுவென்று இருந்தது. கீழே கொதிக்கிற பட்டறைக்கும் இதற்கும் ஒரே கூரை என்று சொன்னால் நம்ப முடியாது. மேசையில் மூன்று திரைகள். அவற்றின் பின்னால் கணக்கு டாக்டர். வைத்தியத்துக்கு வாங்கிய டாக்டர் பட்டம் அல்ல, கணிதத்துக்கு வாங்கியது. ஐம்பது வயது, மழமழப்பான முகம், மென்மையான குரல். விசாரணைக்கு உதவ வந்திருக்கிறோம் என்று நெட்டை முழங்காலளவு குனிந்து கும்பிட்டதில் அவர் குளிர்ந்துபோனார். கூட வந்தவள் வெல்டர் என்று தெரிந்ததும் கொஞ்சம் சுருங்கினார். மூவரையும் உட்காரச் சொன்னார். கடுகு உட்காரவில்லை. நெட்டை, கேட்காமலே, திரைகளுக்குப் பக்கத்து நாற்காலியில் போய் விழுந்தான்.

"உங்க வேலை என்ன சார், எங்களுக்குப் புரியற மாதிரி?" என்றான்.

"ஆர்க், அதான் வெல்டிங் தீப்பொறி, பட்டதும் உலோகம் உருகிச் சின்னக் குட்டை மாதிரி நிக்கும். உள்ள என்ன நடக்குதுன்னு கண்ணால பாக்க முடியாது. சூடு எப்படிப் பரவுது, உருகினது எந்தப் பக்கம் ஓடுதுன்னு நான் கணக்குப் போட்டுச் சொல்லுவேன்." சொல்லச் சொல்ல அவருக்குத் தெம்பு வந்தது. "ஓட்டம்தான் எல்லாம். ஓரத்துலேருந்து நடுவுக்கு ஓடினா, நடுவுல முங்கிச் சூட்டை அடிக்கு இழுத்துட்டுப் போகும். ஆழமா உருகும். நடுவுலேருந்து ஓரத்துக்கு ஓடினா, சூடு மேலேயே பரவிப் போயிடும். அகலம் இருக்கும், ஆழம் இருக்காது."

கடுகின் கண் சுவரில் இருந்தது. அங்கே ஒரு பெரிய படம் ஒட்டியிருந்தது. நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் சாம்பல் நிறத்தில் அறுத்த உலோகம். வலப்பக்கம் சிவப்பும் மஞ்சளுமாகக் கணினி வரைந்த படம், அதில் பொடிப் பொடி அம்புக்குறிகள், எல்லாம் நடுவைப் பார்த்து ஓடின.

"இதென்ன, பாதி ஆணும் பாதி பெண்ணுமா?" என்றான் நெட்டை.

டாக்டர் சிரித்தார். "எங்க ஆளுங்க வழக்கம். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான்னு வெச்சுக்கிட்டு பாதிக்கு மட்டும் கணக்குப் போடுவோம், நேரம் மிச்சம். அதுக்குப் பக்கத்துல நிஜமா அறுத்ததோட பாதிய ஒட்டுவோம். கணக்கு பொருந்துதான்னு ஒரே பார்வையில தெரிஞ்சுரும்."

"நிஜத்துல பாதிய ஒட்டினா மிச்சப் பாதி எங்க போகும்?" என்றாள் கடுகு.

"தேவைப்படாது. வெட்டி எறிஞ்சுருவோம்."

கடுகு மடித்த தாளை எடுத்தாள். சுவரோரம் போய், குதிகாலைத் தூக்கி, சாம்பல் பாதிக்குப் பக்கத்தில் பிடித்தாள். சுவர்ப்படத்திலும் தோளுக்குக் கீழே ஒரு கரும்புள்ளி. அதே கீறல்.

"வெட்டி எறிஞ்சதனாலதான் உங்ககிட்ட முழுப் படம் இல்ல. இருந்த பாதியையே திருப்பிப் போட்டு ஒட்டியிருக்கீங்க. இது எத்தனை வருஷத்துப் படம்?"

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். "ஆறு வருஷம்," என்றார் கடைசியில். "பழைய தகடு."

"புதுத் தகட்டுல சோதனைத் துண்டு?"

"போடல."

வெல்டர் மூச்சை இழுத்துக்கொண்டாள். போடாத ஒரு துண்டை வைத்து ஒருத்தியைக் கொலைகாரி ஆக்கியிருக்கிறார்கள். பதினொரு நாள் அவளைச் சோறு இறங்காமல் உட்கார வைத்திருக்கிறார்கள்.

"நான் என்ன செய்யறது? மேனேஜர் கேட்டார்," என்று டாக்டர் குழைந்தார். "விசாரணைக்குத் துண்டுப் படம் வேணும்னார். அவசரப்படுத்தினார். நான் சம்பளக்காரன்மா. முன்னாடி துண்டு போடாததுக்கும் காரணம் இருக்கு. புதுத் தகட்டுக்கு நான் கணக்குப் போட்டேன், அதே கரண்டுக்கு ஆறு எம்எம் இறங்கும்னு வந்துச்சு. அதான் தனியா துண்டு வேணாம்னு எழுதிக் குடுத்தேன். கணக்கு சரியாத்தான் இருக்கு."

மேனேஜர். கடுகு திரும்பினாள். இரண்டாம் மாடியில் அந்த ஆள் இருப்பான். அவனைச் சட்டைக் காலரோடு கீழே இழுத்துப்போனால் மணி மூன்றேகால் ஆகும், நாலுக்குள் எல்லாம் முடிந்துவிடும். கதவுப் பிடியில் கை வைத்துவிட்டாள்.

"அண்ணி, ஒரு நிமிஷம்," என்றான் நெட்டை.

அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சார் ரொம்ப ஒழுங்கான மனுஷன். ஒவ்வொரு தடவை கணக்கை ஓட்டும்போதும் நம்பர் போட்டு வெச்சிருக்காரு. ஓட்டம் முப்பத்தொம்பது. ஓட்டம் நாப்பது. ஓட்டம் நாப்பத்தொண்ணு." விரலால் கீழே நகர்ந்தான். "அதுக்குக் கீழ, ஓட்டம் நாப்பத்தொண்ணு, திருத்தியது. எதைத் திருத்தினீங்க சார்?"

மழமழப்பான முகத்தில் இருந்த மழமழப்பு போய்விட்டது.

"சின்ன எழுத்துப் பிழை," என்றார்.

"பிழையோட இருக்கறதைத் திறங்க," என்றாள் கடுகு.

"அது தப்பான ஓட்டம். அதைப் பாத்து உங்களுக்கு ஒண்ணும்..."

"தப்பையே பாக்கறோம்."

"அது ஓடி முடிக்க நேரம் ஆகும்."

"ஓடி முடிச்சதைத்தானே சேத்து வெச்சிருக்கீங்க," என்றான் நெட்டை.

டாக்டர் அசையவில்லை. வெல்டர் முதல் தடவையாக அவரிடம் பேசினாள். "திறங்க சார்." குரலை உயர்த்தவில்லை. அவர் திறந்தார்.

அதே போன்ற ஒரு பாதிப் படம் வந்தது, சிவப்பும் மஞ்சளுமாக. ஆனால் அம்புக்குறிகள் எல்லாம் நடுவிலிருந்து கிளம்பி ஓரத்தைப் பார்த்து ஓடின. கிண்ணம் இல்லை. தட்டையாக, அகலமாக ஒரு சாப்பாட்டுத் தட்டு. ஆழம் என்ற கட்டத்தில் இரண்டு புள்ளி ஒன்று.

வெல்டர் குனிந்து பார்த்தாள். விரலை அந்தத் தட்டின் அடியில் வைத்து, ஓரம்வரை இழுத்தாள். "கிழிஞ்ச ஜாயின்ட் இப்படித்தான் இருந்துச்சு," என்றாள். "அச்சு அசல் இப்படித்தான்."

கடுகு படத்தின் மூலையில் இருந்த தேதியைப் படித்தாள். விரல் விட்டு எண்ணினாள். கலன் கிழிவதற்குப் பத்தொன்பது நாள் முன்னால்.

அறையில் குளிர்சாதனம் இரைந்தது. கடுகு பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். இப்போது வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"புதுத் தகடு ரொம்ப சுத்தம்," என்றார் டாக்டர், திரையைப் பார்த்தே. "பழசுல கந்தகம் கொஞ்சம் இருந்துச்சு. உப்புக்கல் அளவுதான். அந்தக் கொஞ்சம்தான் ஓட்டத்தை நடுவுக்கு இழுக்கும். அது இல்லாம சுத்தமாயிட்டா ஓட்டம் அப்படியே திரும்பிடும். தகட்டோட வந்த தாள்ல இருந்த எண்ணைத்தான் போட்டேன். ஒரு இடத்துல மைனஸ் வந்துச்சு. இருபது வருஷமா அந்த இடத்துல பிளஸ்தான் பாத்திருக்கேன். அம்பெல்லாம் தலைகீழா ஓடினதும், நான்தான் எங்கேயோ குறியத் தப்பாப் போட்டுட்டேன்னு நெனைச்சேன். மைனஸைப் பிளஸ் ஆக்கினேன். ஆறு வந்துச்சு. நான் எதிர்பாத்தது வந்துச்சு."

"நெனைச்சீங்களா, நெனைக்க வசதியா இருந்துச்சா?"

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"கலன் கிழிஞ்ச அன்னிக்கு. ஆழம் ரெண்டுன்னு சொன்னாங்க. அப்பவே தெரிஞ்சுது."

"மேனேஜர் இந்தப் படத்தைச் செய்யச் சொன்னாரா, இல்ல, துண்டுப் படம் இருக்கான்னு கேட்டாரா? பாத்துச் சொல்லுங்க, கீழ போய் அவர்கிட்டயும் கேப்பேன்."

"இருக்கான்னு கேட்டார்," என்றார் டாக்டர். "இருக்குன்னு சொல்லிட்டேன்."

கடுகு மேசையை ஓங்கி அடித்தாள். மூன்று திரைகளும் குலுங்கின. "கணக்கு உள்ளதைச் சொல்லியிருக்குய்யா. பத்தொம்பது நாள் முன்னாடி, ரெண்டு எம்எம்தான் இறங்கும், வேணாம்னு சொல்லியிருக்கு. நீங்க அது வாயைப் பொத்தினீங்க. அது கூடத் தப்புன்னு விடலாம், மனுஷன் தப்புப் பண்ணுவான். ஆனா தெரிஞ்சப்புறம் பதினோரு நாள்? இவ தம்பியப் பறிகுடுத்துட்டு, நானே கொன்னுட்டேன்னு கைய வெறிச்சுப் பாத்துட்டு உக்காந்திருக்கா. நீங்க மாடியில குளுகுளுன்னு உக்காந்து இவ கையைப் படத்துல போலியாச் செஞ்சிருக்கீங்க."

"நான் எழுதித் தரேன். எல்லாத்தையும் எழுதித் தரேன்."

நெட்டை எழுந்து நின்றான். ஏதாவது சொல்வான் என்று கடுகு பார்த்தாள். அவன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து டாக்டரின் முன்னால் வைத்தான், பேனாவைத் திறந்து அதன் மேல் வைத்தான், அவ்வளவுதான்.

"எழுதறது அப்புறம்," என்றாள் வெல்டர். தன் போனில் ஒரு எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு, தாளின் மேலேயே வைத்தாள். "முதல்ல எங்கம்மாகிட்ட சொல்லுங்க."

மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாளோ என்று கடுகு நினைத்த நேரத்தில் எடுத்தார்கள். மறுமுனையில் யாரும் 'ஹலோ' கூடச் சொல்லவில்லை. மகள் எண் என்று தெரிந்து எடுத்த மௌனம் அது.

டாக்டர் சொன்னார். முதலில் சுற்றி வளைத்தார். கடுகு குனிந்து முகத்துக்கு நேரே பார்த்ததும் நேராகச் சொன்னார். தகடு மாறியது, கணக்கில் குறி, போடாத துண்டு, செய்த படம். உங்கள் மகள் மேல் ஒரு தப்பும் இல்லை, அவள் கை செய்ய வேண்டியதைச் சரியாகத்தான் செய்தது.

மறுமுனையில் ஒரு வயதான குரல் கேட்டது. நாற்பது வருடம் ஒரு வெல்டரோடு குடித்தனம் நடத்தி, இன்னொரு வெல்டரைப் பெற்று வளர்த்த குரல்.

"ஒரு துண்டு போட்டு அறுத்துப் பாக்க எவ்வளவு நேரம் ஆகும் சார்?"

டாக்டர் உதட்டை ஈரமாக்கிக்கொண்டார். "அரை மணி நேரம்மா."

"அரை மணி நேரம்." அந்தம்மா அதை ஒரு தடவை திருப்பிச் சொன்னாள். "என் பையனுக்கு இருபத்தேழு வயசு சார்."

டாக்டர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். யாரும் அவரைச் சமாதானப்படுத்தவில்லை.

"என் பொண்ணு அங்க இருக்காளா?"

"இருக்காம்மா," என்றாள் கடுகு.

"போனை அவகிட்ட குடுங்க."

வெல்டர் போனை எடுத்துக் காதில் வைத்தாள். "அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கடுகு டாக்டரின் முழங்கையைப் பிடித்து எழுப்பினாள். ஐந்தடிக்குக் குறைவான பெண்ணின் பிடி என்று சொல்ல முடியாது. நெட்டை தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கதவை ஓசைப்படாமல் சாத்தினான்.

"மணி மூணே முக்கால்," என்றாள் கடுகு. "கீழ உள்ள அத்தனை பேர் முன்னாடியும் இதை முதல்லேருந்து சொல்லணும். இந்தத் தடவை மைனஸை மைனஸாவே சொல்லுங்க."